ஊர்த் தற்சார்பு மதிப்பீடு

ஊர்த் தற்சார்பு மதிப்பீடு என்பது, வெளியிலிருந்து வரும் மின்சாரம், குடிநீர், உணவுப்பொருள், எரிபொருள், மருத்துவ உதவி ஆகியவை திடீரெனத் தடைப்பட்டால், ஓர் ஊர் தன்னிடம் உள்ளதைக் கொண்டு எத்தனை நாள் சமாளிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அறியும் முறையாகும். புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு போன்ற பேரிடர்களின்போது மீட்புக் குழுவும் நிவாரணப் பொருளும் வந்து சேரச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகலாம். அந்த இடைவெளியை ஊர் மக்கள் தாங்களே கடக்க வேண்டியுள்ளது. அதைக் கடக்க ஊரிடம் என்ன உள்ளது, எது போதாது, எதை முன்னதாகச் சரிசெய்யலாம் என்பவற்றுக்கு விடை காண்பதே இம்மதிப்பீட்டின் நோக்கம்.

இதனைச் செய்ய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, அளவுநாடா, பள்ளியில் கற்ற கணக்கு, வீடு வீடாகச் சென்று கேட்கும் பொறுமை ஆகியவை போதும். சிற்றூர், பேரூராட்சி வார்டு, நகரத்துத் தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு என எந்த அளவிலான பகுதிக்கும் இதைச் செய்யலாம்.

தற்சார்பு என்பதன் பொருள்

தற்சார்பு என்றவுடன், தேவையான அனைத்தையும் ஊரே விளைவித்துக்கொள்வது என்று பொருள் கொள்வதுண்டு. அத்தகைய ஊர் முற்காலத்திலும் இருந்ததில்லை. உள்நாட்டு ஊர்கள் உப்புக்குக் கடற்கரையை எதிர்பார்த்திருந்தன. உப்பளத்து ஊர்கள் நெல்லுக்கு வயல்புறத்தை எதிர்பார்த்திருந்தன. பேரிடர் ஆயத்தநிலை பற்றிப் பேசும்போது தற்சார்பு என்பது, வரத்து நின்றுபோகும் சில நாட்களில் உயிருக்கும் உடல்நலத்துக்கும் குந்தகம் வராமல் ஊர் தாங்கி நிற்பதையே குறிக்கும்.

இதனால் மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வியும் மாறுகிறது. 'ஊரில் குடிநீர்த் தொட்டி இருக்கிறதா?' என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் 'இருக்கிறது' என்றே விடை கிடைக்கும். 'மின்சாரம் நின்றால் அந்தத் தொட்டி எத்தனை நாளைக்கு வரும்?' என்று கேட்டால்தான் ஊரின் உண்மை நிலை தெரியவரும். ஒவ்வொரு வசதியையும் இவ்வாறு நாட்கணக்கில் அளப்பதே இம்மதிப்பீட்டின் உயிர்நாடி. இக்கட்டுரையில் அந்த அளவு 'தாங்கும் நாட்கள்' எனக் குறிக்கப்படுகிறது.

கஜா புயல் காட்டிய பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புயலைப் பற்றிய முன்னறிவிப்பு உரிய காலத்தில் கிடைத்திருந்தது. 80,000க்கும் மேற்பட்டோர் முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆயினும் புயல் கடந்த பின்னர்தான் பல ஊர்களின் துன்பம் தொடங்கியது.

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. சாலைகளின் குறுக்கே மரங்கள் விழுந்து கிடந்ததால் உள்ளூர்களுக்கு வண்டிகள் செல்ல இயலவில்லை. சிற்றூர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாததால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டிகள் நிரம்பவில்லை, தெருக்குழாய்கள் வறண்டன. செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்ததால் என்ன தேவை என்பதைச் சொல்லவும் வழியின்றிப் போயிற்று. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது.

இவ்வூர்களில் குடிநீர்த் தொட்டியும் குழாயும் இருந்தன. நிலத்தடியில் நீரும் இருந்தது. ஆனால் நீர் மோட்டாரையும், மோட்டார் மின்கம்பியையும், மின்கம்பி தொலைவிலுள்ள துணைமின் நிலையத்தையும் சார்ந்திருந்தன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் அதற்குப் பின்னால் இருந்த அனைத்தும் ஒரே நாளில் நின்றன. எனவே மதிப்பீட்டில் ஒவ்வொரு வசதிக்கும் நேராக 'இது எதை நம்பி இயங்குகிறது?' என்ற கேள்வியையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

குடிநீர்

பேரிடர்க்கால உதவிக்கெனப் பன்னாட்டுத் தொண்டு அமைப்புகள் வகுத்த ஸ்பியர் கையேடு, குடிக்க, சமைக்க, உடல் தூய்மைக்கு என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் தேவை எனக் கொள்கிறது. குடிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 3 லிட்டர் தேவைப்படும். இவ்விரண்டு எண்களையும் கொண்டு எந்த ஊருக்கும் கணக்குப் போடலாம்.

எடுத்துக்காட்டாக, 300 குடும்பங்களும் 1,200 மக்களும் வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு 60,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டி ஒன்று உள்ளது.

15 லிட்டர் வீதம் ஒரு நாள் தேவை: 1,200 × 15 = 18,000 லிட்டர்.
தாங்கும் நாட்கள்: 60,000 ÷ 18,000 = 3.3 நாட்கள்.
குடிக்க மட்டும் 3 லிட்டர் வீதம் ஒரு நாள் தேவை: 1,200 × 3 = 3,600 லிட்டர்.
தாங்கும் நாட்கள்: 60,000 ÷ 3,600 = 16.7 நாட்கள்.

ஒரே தொட்டி மூன்று நாளைக்கும் வரலாம், பதினாறு நாளைக்கும் வரலாம். தொட்டியை இயக்குபவர் புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை முழுமையாக நிரப்பி வால்வை மூடி வைத்தாரா, அதன்பின் நேரம் குறித்துத் திறந்தாரா என்பதே அதை முடிவு செய்கிறது. வழக்கம்போல் திறந்துவிடப்பட்ட தொட்டி புயல் வரும்போது பாதி காலியாக இருக்கும். இந்த முன்னேற்பாட்டுக்குச் செலவு எதுவும் இல்லை. யார், எப்போது, யார் சொல்லி வால்வை மூடுவது என்று முன்னதாக முடிவு செய்திருந்தால் போதும்.

தொட்டிக்கு அடுத்தது கைப்பம்பு. மின்சாரம் தேவையில்லாத நீர் ஆதாரம் என்பதால் மதிப்பீட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. ஒரு கைப்பம்பு ஏறத்தாழ 500 பேருக்குப் போதும் என்று ஸ்பியர் கையேடு கூறுகிறது. அதன்படி 1,200 பேர் உள்ள ஊருக்குப் பழுதில்லாத கைப்பம்புகள் மூன்று வேண்டும். குழாய் இணைப்புகள் வந்தபின் பல ஊர்களில் கைப்பம்புகள் பழுதுபார்க்கப்படாமல் கைவிடப்பட்டுள்ளன. எத்தனை கைப்பம்புகள் உள்ளன என்பதோடு, அவற்றில் எத்தனை இன்று நீர் இறைக்கின்றன என்பதையும் நேரில் அடித்துப் பார்த்தே எழுத வேண்டும்.

திறந்த கிணற்றில் உள்ள நீரையும் கணக்கிடலாம். வட்டக் கிணறாயின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14,130 லிட்டர் நீர் இருக்கும். ஊற்று நன்றாக இருந்தால் இறைக்க இறைக்க மீண்டும் ஊறும். ஆனால் வெள்ளநீர் புகுந்த கிணற்றை முழுமையாக இறைத்துத் தூய்மைப்படுத்தி, பிளீச்சிங் பவுடர் இட்டு, நீரில் குளோரின் அளவு சோதிக்கப்பட்ட பின்னரே குடிக்கப் பயன்படுத்த வேண்டும்.

கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் கைப்பம்பு எல்லா இடத்திலும் உதவாது. அங்கு வெகுதொலைவிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்கள் வழியாக நீர் வருகிறது. இத்தகைய ஊர்களுக்கு ஊருணியும் வீட்டுக்கூரை மழைநீர்த் தொட்டியும் காப்பாக அமையும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் பெரும்பாலான அமைப்புகள் நீரை நிலத்துக்குள் இறக்குகின்றனவே அன்றிச் சேமித்து வைப்பதில்லை. எனவே மழைநீர் சேகரிப்பு உள்ள வீடுகளையும் மழைநீரைச் சேமிக்கும் தொட்டி உள்ள வீடுகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

உணவும் எரிபொருளும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி எனக் கொண்டால், மேற்கண்ட ஊருக்கு ஒரு நாளைக்கு 480 கிலோ அரிசி வேண்டும். வீட்டுக்குச் சராசரியாக 10 கிலோ கையிருப்பு இருந்தால் ஊரில் மொத்தம் 3,000 கிலோ இருக்கும்; அது ஏறத்தாழ 6 நாட்களுக்கு வரும். இச்சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. சில வீடுகளில் மூட்டை இருக்கும். சில வீடுகளில் அன்றன்று வாங்கிச் சமைப்பார்கள். ரேஷன் அரிசி வாங்கிய வாரத்தில் இருக்கும் கையிருப்பு மாதக் கடைசியில் இருக்காது. ஆகவே கையிருப்பை மாதத் தொடக்கத்திலும் கடைசியிலுமாக இருமுறை கேட்டு, குறைந்த எண்ணையே கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

நெல் விளையும் ஊரில் உணவுக்குக் குறைவிருக்காது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் குதிரிலோ சாக்கிலோ உள்ள நெல் அரிசியாக வேண்டுமானால் ஆலை ஓட வேண்டும். ஆலைக்கு மின்சாரம் வேண்டும். உரலும் உலக்கையும் வீடுகளிலிருந்து மறைந்துவிட்ட நிலையில், மின்சாரம் இல்லாத நாட்களில் நெல்லை உணவுக் கையிருப்பாகக் கொள்ள முடியாது. கோதுமை, கேழ்வரகு ஆகியவற்றை மாவாக்குவதற்கும் இது பொருந்தும். அவல், பொரி, கடலை, வெல்லம், சத்துமாவு போன்ற சமைக்கத் தேவையில்லாத அல்லது குறைவாகச் சமைத்தால் போதுமான பொருள்களைத் தனியே குறித்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகளுக்கான உணவையும் தனியே கேட்க வேண்டும்.

எரிபொருளில், வீடுகளில் உள்ள எரிவாயு உருளைகளைக் கணக்கெடுக்கும்போது மாற்று உருளை உள்ள வீடுகளை வேறாகக் குறிக்க வேண்டும். விறகு வைத்திருப்போர் அதை மழையில் நனையாமல் வைக்க இடம் உள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தின் பம்பும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது என்பதால், ஜெனரேட்டருக்கான டீசலைப் புயலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஏமாற்றத்தில் முடியலாம். செல்பேசி வழிப் பணப்பரிமாற்றமும் அவ்வாறே. கோபுரம் செயலிழந்தால் கையில் ரொக்கம் உள்ளவரே கடையில் பொருள் வாங்க முடியும்.

தகவல் தொடர்பு

எச்சரிக்கை ஊருக்கு வந்து சேர்வதும், வந்த எச்சரிக்கை கடைசி வீடு வரை போய்ச் சேர்வதும் இருவேறு செயல்கள். தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம். ஊருக்குள் செய்தி பரவ என்ன வழி என்பதே மதிப்பீட்டில் ஆராய வேண்டியது.

இதற்குப் புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊர் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடல் அலையின் உயரம் பற்றிய செய்திகள் அங்கிருந்து ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டு வந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். உடனே அதே ஒலிபெருக்கி வழியாக ஊரார் அனைவரும் கடற்கரையை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டனர். மக்கள் உயிர் தப்பினர். பேரிடருக்கென்று பூட்டி வைத்த கருவியாக அது இருந்திருந்தால் அந்தச் சில நிமிடங்களில் பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே. நாள்தோறும் பயன்பட்டு வந்ததால் அதை இயக்கத் தெரிந்தவர்கள் இருந்தனர். அதன் குரலை நம்பும் பழக்கமும் ஊரில் இருந்தது.

முன்னாளில் ஊர்ச்செய்தி தண்டோரா மூலம் அறிவிக்கப்பட்டது. அவ்வழக்கத்தை நிறுத்துமாறு தமிழ்நாடு அரசு 2022இல் அறிவுறுத்தியது. அதற்கு மாற்றாகப் பல ஊர்கள் வாட்ஸ்அப் குழுக்களை நம்பியிருக்கின்றன. மின்சாரமும் கோபுரமும் இல்லாத இரவில் இவை உதவா. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள், அவற்றுக்கான பேட்டரி, கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, பேட்டரியில் இயங்கும் வானொலி ஆகியவை எங்கு உள்ளன, யார் பொறுப்பில் உள்ளன என்று குறிக்க வேண்டும்.

மருத்துவம்

பேரிடர் நாட்களில் காயம் பட்டவர்களோடு, நாள்தோறும் மருந்தை நம்பி வாழ்பவர்களும் ஆபத்துக்குள்ளாகின்றனர். நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்போர், இன்சுலின் போடுவோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் உள்ள முதியோர் ஆகியோரின் பட்டியல் ஊரில் இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் இவ்விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும். 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளரும் இதில் உதவ இயலும். இவை தனிப்பட்ட விவரங்கள் என்பதால், பட்டியலைப் பொதுவில் ஒட்டாமல் பொறுப்பானவர்களிடம் மட்டும் வைத்திருப்பது முறை.

இவர்களுக்கும் தாங்கும் நாட்களே அளவு. கையில் எத்தனை நாள் மருந்து உள்ளது என்று கேட்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோரும் பேறுகால நாள் நெருங்கியோரும் எச்சரிக்கைக் காலத்திலேயே மருத்துவமனை உள்ள ஊருக்குச் சென்றுவிடுவது நல்லது. சாலை அடைபட்டபின் 108 ஊர்தியும் ஊருக்குள் வர இயலாமல் போகலாம். வெள்ளத்துக்குப் பின் பாம்புக்கடி மிகுதியாவதால், பாம்புக்கடிக்கு மருந்துள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது, அங்குச் செல்ல மேட்டு வழி உண்டா என்பதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

தங்குமிடம்

முகாமில் ஒருவருக்குக் கூரையின் கீழ் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது ஸ்பியர் அளவு. 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீட்டர். அதாவது 10 பேருக்குரிய இடம். புயல் வீசும் ஓர் இரவுக்கு இதைவிட நெருக்கமாக அமரலாம். ஒரு வாரம் தங்க வேண்டுமானால் முடியாது.

மேற்கண்ட ஊரில் கூரை வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் 400 பேர் வசிப்பதாகக் கொண்டால், அவர்களுக்கு இத்தகைய வகுப்பறைகள் 40 தேவைப்படும். பெரும்பாலான ஊர்ப் பள்ளிகளில் அத்தனை அறைகள் இல்லை. 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் 20 கழிப்பறைகள் வேண்டும், அதுவும் இருக்காது. எனவே பள்ளி மட்டும் போதாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஒவ்வொரு கூரை வீட்டுக் குடும்பத்துக்கும் அருகிலுள்ள ஒரு கான்கிரீட் வீட்டை, அவ்வீட்டாரின் ஒப்புதலுடன் முன்கூட்டியே இணைத்து வைப்பது ஒரு வழி. கால்நடைகளுக்கு மேட்டு நிலம் எது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மாட்டை விட்டு வர மனமில்லாமல் வெள்ளத்தில் தங்கிவிடுவோர் உண்டு.

நகரக் குடியிருப்புகளுக்கு வேறு கேள்விகள் உள்ளன. ஜெனரேட்டரும் மின்பலகையும் நீர் மோட்டாரும் தரைத்தளத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால் முதலில் மூழ்குபவை அவையே. மின்தூக்கி நின்றால் மேல்தளத்து முதியோரை எப்படி இறக்குவது என்பதும் அங்கு மதிப்பிடப்பட வேண்டும்.

ஊரில் உள்ள திறன்கள்

பொருள்களைப் போலவே மனிதர்களின் திறனும் ஊரின் இருப்பாகும். மரம் அறுக்கும் கருவி வைத்திருப்பவர், மின்பணியாளர், கைப்பம்பு பழுதுபார்ப்பவர், கொத்தனார், நீச்சல் தெரிந்தவர், படகு அல்லது பரிசல் ஓட்டுபவர், டிராக்டர் உரிமையாளர், ஓய்வுபெற்ற செவிலியர், நூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் எனப் பட்டியல் நீளும். சாலையில் விழுந்த மரத்தை ஊராரே அறுத்து அகற்றினால், வெளி உதவி வந்து சேரும் நாள் முன்னதாகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவானது. அப்போது திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் மளிகைப் பொருள்களையும் கொண்டுவந்து கோயிலில் சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். வெள்ளம் அவர்களையும் சூழ்ந்திருந்தது. வீட்டில் கையிருப்பும், பலருக்குச் சேர்த்துச் சமைக்க ஓரிடமும், முன்வந்து செய்யும் மனமும் இருந்ததால் ஓர் ஊர் தன்னைத் தாங்கியதோடு பிறரையும் தாங்கியது. திருவிழாவுக்குச் சமைக்கும் அண்டாவும் அடுப்பும் உள்ள ஊர்கள் அவற்றையும் இருப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

விடுபடுவோர்

ஊர் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடும்போது, ஊரின் ஒரு பகுதி கணக்கிலிருந்து விடுபட்டுவிடும் ஆபத்து உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பங்கீட்டில் தலித்துகளும் இருளர் போன்ற பழங்குடியினரும் ஒதுக்கப்பட்டதாகப் பல இடங்களிலிருந்து முறையீடுகள் எழுந்தன. ஊரில் மூன்று கைப்பம்புகள் இருந்தும், மூன்றும் ஒரே தெருப்பக்கம் இருந்தால், மற்றப் பகுதிக்கு அவை இல்லாததற்குச் சமம். கோயில் மண்டபம் தங்குமிடமாகக் குறிக்கப்பட்டால், அங்கு ஊரார் அனைவரும் தயக்கமின்றி நுழைய முடிகிறதா என்று கேட்டாக வேண்டும்.

எனவே தாங்கும் நாட்களைக் குடியிருப்பு வாரியாகத் தனித்தனியே கணக்கிட வேண்டும். ஊரின் மதிப்பு என்பது அவற்றின் சராசரி அன்று. அவற்றுள் மிகக் குறைந்ததே ஊரின் மதிப்பாகும். ஒரு தெருவுக்குப் பத்து நாளும் இன்னொரு தெருவுக்கு ஒரு நாளும் நீர் வருமானால், அவ்வூரின் தாங்கும் நாள் ஒன்றுதான். தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், குடும்ப அட்டை இல்லாதோர் ஆகியோரையும் தேடிச் சென்று கேட்க வேண்டும். முகாமில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இல்லையெனில் பெண்கள் முகாமுக்கு வரத் தயங்குவார்கள். இத்தகைய செய்திகள் பெண்களிடம் தனியே கேட்டால்தான் தெரியவரும்.

வாழ்வாதாரம் என்னும் நீண்ட கணக்கு

நீரும் உணவும் நாட்கணக்கு; வாழ்வாதாரம் ஆண்டுக்கணக்கு. கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அழிந்தன. நெட்டை வகைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்பை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு நிவாரண அரிசி தீர்ந்த பின்னும் இழப்பு தொடர்ந்தது. ஊரின் வருமானத்தில் எத்தனை பங்கு ஒரே பயிரையோ ஒரே தொழிலையோ சார்ந்துள்ளது, ஊடுபயிர், கால்நடை, கைத்தொழில் போன்ற மாற்று வழிகள் உண்டா, விதைநெல் பாதுகாப்பாக உள்ளதா, படகுக்கும் பயிருக்கும் காப்பீடு செய்தவர் எத்தனை பேர் என்பவை இப்பகுதியில் அடங்கும்.

இயற்கை அரண்களும் இதனைச் சார்ந்தவை. 2004இல் பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. மணல்மேடு, பனைவரிசை, ஏரியின் கலிங்கு, வெள்ளவடிகால் ஆகியவற்றின் இன்றைய நிலையையும், ஆக்கிரமிப்பு இருந்தால் அதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

மதிப்பீட்டை நடத்தும் முறை

1. ஊர் மக்களைக் கொண்டே ஊரின் வரைபடத்தை வரைதல். தரையில் கோலப்பொடியால் வரைந்து, பிறகு தாளில் பெயர்க்கலாம். தாழ்வான தெருக்கள், முன்பு வெள்ளம் ஏறிய உயரம், மேட்டு வழிகள் ஆகியவற்றை முதியோர் நினைவிலிருந்து சொல்வார்கள். பங்கேற்பு ஊரக மதிப்பீடு எனப்படும் முறையின் அடிப்படை இதுவே.

2. எந்தெந்தப் பேரிடர்கள் அவ்வூருக்கு வரக்கூடும் என்று எழுதுதல். கடற்கரைக்குப் புயலும் ஆழிப்பேரலையும், ஆற்றோரத்துக்கு வெள்ளமும், நீலகிரி போன்ற மலைப்பகுதிக்கு நிலச்சரிவும் முதன்மையாகும்.

3. வீடு வீடாகவும் பொது இடங்களிலும் கணக்கெடுத்தல். கேட்டதை எழுதுவதோடு, இயக்கிப் பார்த்தும் எழுத வேண்டும்.

4. ஒவ்வொரு வசதிக்கும் இருப்பு, நாள் தேவை, தாங்கும் நாட்கள், அது எதை நம்பியுள்ளது என நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை தயாரித்தல்.

5. தாங்கும் நாட்கள் மிகக் குறைந்தவற்றை மேலே கொண்டுவந்து வரிசைப்படுத்துதல். முதல் மூன்றுக்கு மட்டும் அந்த ஆண்டில் தீர்வு காண முயல்வது நடைமுறைக்கு உகந்தது.

6. ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் ஒருவரையும், அவர் ஊரில் இல்லாதபோது செய்ய இன்னொருவரையும் குறித்தல்.

7. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஒத்திகை பார்த்தல். ஓர் அரைநாள் மோட்டாரை இயக்காமல் இருந்து பார்த்தாலே பல குறைகள் வெளிப்படும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், மதிப்பீட்டை ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வைத்தால் கைப்பம்பைப் பழுதுபார்க்கவும் வடிகாலைத் தூர்வாரவும் காலம் கிடைக்கும். நாட்டு நலப்பணித் திட்டம், இளம் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றில் உள்ள மாணவர்கள் கணக்கெடுப்பில் பங்கேற்கலாம். கிணற்றின் கொள்ளளவு, வகுப்பறையின் பரப்பு, சராசரி ஆகியவை அவர்கள் பாடத்தில் படிப்பவையே.

வரம்புகள்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 மத்திய, மாநில, மாவட்ட அளவில் அமைப்புகளை ஏற்படுத்தி, உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமைகளை வகுத்துள்ளது. ஊர்த் தற்சார்பு மதிப்பீடு அவற்றுக்கு மாற்று அன்று. மின்கம்பத்தை நடுவதும், அணையை இயக்குவதும், பெருமருத்துவமனை நடத்துவதும் ஊரால் இயலாதவை. 'ஊரே பார்த்துக்கொள்ளும்' என்று அரசு விலகிக்கொள்ள இம்மதிப்பீடு காரணமாகக் கூடாது. மாறாக, எந்தக் குடியிருப்புக்கு எத்தனை நாளில் எது தீரும் என்ற விவரம் கையில் இருந்தால், ஊராட்சி தன் கோரிக்கையை எண்களுடன் முன்வைக்க முடியும். மாவட்ட நிர்வாகமும் எந்த ஊருக்கு முதலில் ஜெனரேட்டரை அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும்.

மதிப்பீடு ஒருமுறை செய்து முடித்துவிடும் பணியும் அன்று. மருந்து எடுப்போர் மாறுவார்கள், கைப்பம்பு பழுதாகும், தொட்டி இயக்குபவர் மாற்றப்படுவார், தொலைபேசி எண்கள் மாறும். பழைய பட்டியலை நம்பி இருப்பது பட்டியல் இல்லாதிருப்பதைவிடத் தீங்காகலாம். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் எண்களைப் புதுப்பித்து, சென்ற ஆண்டை விடத் தாங்கும் நாட்கள் கூடியுள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே இதன் பயன் நிலைக்கும்.